மாணவர்களிடம் கருத்துப் படிவம் கொடுத்து நம் கற்பித்தலைச் சீர்செய்துகொள்வது எப்படி?

கேள்வி: பென்னாகரம் கணித ஆசிரியை

ஆசிரியப் பெருமக்கள் அனைவருக்கும் வணக்கம். பென்னாகரம் வட்டத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். என் பாடவேளையில் மாணவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதை அவர்களிடமே எழுத்தில் கேட்டு, அதை வைத்து நான் கற்பிக்கும் முறையை ஆண்டின் நடுவிலேயே திருத்திக்கொள்ள விரும்புகிறேன். இதைப் பொறுப்பாகச் செய்து பழகியவர்களின் வழிகாட்டுதல் வேண்டியே இங்கு எழுதுகிறேன்.

தேர்வுத்தாள் எனக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: எந்தக் கணக்கில் எத்தனை பேர் தவறினார்கள் என்பதை. ஏன் தவறினார்கள் என்பதை அது சொல்வதில்லை. பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் ஏற்றக் கோணம், இறக்கக் கோணம் பற்றிய வாழ்க்கைக் கணக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவி அந்தக் கணக்கை எழுதாமலே விட்டிருந்தால், அவளுக்கு விகிதங்களின் மதிப்பு நினைவில் இல்லையா, கணக்கைப் படித்துப் படம் வரைய வரவில்லையா, படம் வரைந்தும் எந்தக் கோணம் எங்கே வரும் என்று தெரியவில்லையா, அல்லது நேரமே போதவில்லையா என்பதை விடைத்தாளிலிருந்து கண்டுபிடிக்க இயலாது. இந்த நான்குக்கும் நான் செய்ய வேண்டிய மருத்துவம் வெவ்வேறு. பெற்றோர் பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலை பார்க்க, பாட்டி வீட்டில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் என் வகுப்பில் பலர் இருக்கிறார்கள். வீட்டில் அவர்களுக்குக் கணக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. ஆகவே வகுப்பறையில் புரியாமல் போனது பெரும்பாலும் புரியாமலேயே நின்றுவிடுகிறது. அந்த இடத்தை நான் உடனுக்குடன் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே என் கவலை.

ஆனால் தாளைக் கொடுத்துக் கேட்டால், "டீச்சர் நன்றாக நடத்துகிறார்", "எல்லாம் புரிகிறது" என்றுதான் ஏறத்தாழ எல்லோரும் எழுதுகிறார்கள். பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னாலும், கையெழுத்தை நான் அடையாளம் கண்டுகொள்வேன் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அச்சத்தைக் குறை சொல்லவும் முடியாது. இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் படிவங்களோ கல்லூரிகளுக்காகச் செய்யப்பட்டவை. ஆசிரியருக்குப் பாட அறிவு உள்ளதா, நேரத்துக்கு வகுப்புக்கு வருகிறாரா என்பது போன்ற கேள்விகளுக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை விடை எழுதுவதால் எனக்கு என்ன தெரியப்போகிறது?

எந்தக் கேள்விகளைக் கேட்பது, தாளிலா அல்லது உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் கூகுள் படிவமாகவா, வந்த பதில்களை எப்படிப் படித்து எப்படிப் பயன்படுத்துவது என்பதைத் தெரிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன். பத்தாம் வகுப்புக்கு இதை எப்போது செய்யலாம் என்பதிலும் எனக்குத் தயக்கம் உள்ளது.

மறுமொழி: தேன்கனிக்கோட்டை அறிவியல் ஆசிரியர்

வணக்கம் அம்மா. சில ஆண்டுகளாக ஒவ்வொரு பருவத்திலும் இதைச் செய்து வருகிறேன். ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

"எல்லாம் புரிகிறது" என்ற பதில் வருவதற்கு அச்சம் மட்டும் காரணமன்று, நாம் கேட்கும் கேள்வியும் அந்தப் பதிலையே வரவழைக்கிறது. "ஆசிரியர் நன்றாகக் கற்பிக்கிறாரா?" என்று கேட்கும்போது, பதினான்கு வயதுப் பிள்ளையை ஆசிரியர்மீது தீர்ப்புச் சொல்லும் இடத்தில் உட்கார வைக்கிறோம். பெரியவர்களைப் பற்றி நேரில் குறை சொல்லக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை நல்லதையே எழுதும். அந்தப் பிள்ளையிடம் அதன் அனுபவத்தையே கேளுங்கள். "இந்தப் பாடத்தில் எந்த இடம்வரை உங்களால் கூடவே வர முடிந்தது?", "வீட்டில் தனியாகச் செய்து பார்த்தபோது எந்தப் படியில் நின்றுவிட்டீர்கள்?", "இன்னொரு முறை நடத்த வேண்டும் என்றால் எதை நடத்தச் சொல்வீர்கள்?" என்று கேட்டால், அதில் ஆசிரியரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் வரும் பதில்கள் முழுவதும் நம் கற்பித்தலைப் பற்றியவையாகவே இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பத்தாம் வகுப்பு ஒளியியலில் லென்சுகள் உருவாக்கும் பிம்பங்களுக்குக் கதிர்ப் படம் வரையும் பகுதி முடிந்ததும் இப்படிக் கேட்டேன். "பலகையில் படம் முழுதும் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிகிறது, எந்தக் கோட்டை முதலில் போட வேண்டும் என்று தெரியவில்லை" என்னும் பொருளில் பல தாள்கள் வந்தன. விடைத்தாள்களை மட்டும் பார்த்திருந்தால், குவியத்தைப் பற்றிய கருத்தே புரியவில்லை என்று எண்ணி, வரையறையை மீண்டும் நடத்தியிருப்பேன். இப்போது ஒரு கதிரை வரைகிறேன், பலகையை விட்டு விலகி நிற்கிறேன், எல்லோரும் அதை வரைந்து முடித்த பிறகே அடுத்த கதிருக்குப் போகிறேன். ஒரு பாடவேளை கூடுதலாகச் செலவாகிறது. அந்தச் செலவு தகும் என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கள் பக்கத்தில், தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை ஊர்களில், வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசிவிட்டுத் தமிழ் வழியில் படிக்க வரும் பிள்ளைகள் மிகுதி. அவர்களுக்குச் சோதனை புரிந்திருக்கும், பாடநூலின் நீண்ட வாக்கியம் புரிந்திருக்காது. ஆகவே கேள்விகளைக் குறுகிய வாக்கியங்களாக எழுதி, ஒரு முறை உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, பேசுவது போலவே எழுதலாம், எழுத்துப்பிழையைப் பார்க்க மாட்டேன், வேண்டுமானால் வீட்டு மொழியிலும் எழுதலாம் என்று சொல்லிவிடுகிறேன். கன்னடத்தில் வந்த தாளை உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் படித்துச் சொல்வார். அத்தகைய தாள்களில்தான் நான் எதிர்பாராத செய்திகள் இருந்திருக்கின்றன.

கையெழுத்துச் சிக்கலுக்கு வருகிறேன். பெரும்பாலான கேள்விகளுக்கு டிக் போட்டாலே போதும் என்று வைத்து, ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் எழுத இடம் விடுங்கள். தாளைக் கொடுப்பதும் வாங்குவதும் நீங்களாக இருக்க வேண்டாம். வகுப்புத் தலைவனிடமும் அதை ஒப்படைக்க வேண்டாம், ஏனென்றால் சில பிள்ளைகளுக்கு ஆசிரியரைவிட அவனிடமே அச்சம் கூடுதல். நானும் சமூக அறிவியல் ஆசிரியையும் மாற்றிக்கொள்கிறோம்: என் வகுப்பில் அவர் தாள் கொடுப்பார், அவர் வகுப்பில் நான் கொடுப்பேன். மடித்த தாள்கள் வகுப்பின் பின்பக்கத்தில் உள்ள அட்டைப் பெட்டிக்குள் போகும். கூகுள் படிவத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆய்வகத்தில் இருவர் மூவராக ஒரு திரைமுன் உட்காரும்போது, ஒருவர் தேர்ந்தெடுப்பதை மற்றவரும் பார்த்து அதையே தேர்ந்தெடுப்பார். கையெழுத்துத் தெரியாமல் போகும் நன்மையைவிட இந்தத் தீமை பெரிது.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேர்வுத்தாளைத் திருப்பிக் கொடுத்த நாளில் ஒருபோதும் கேட்காதீர்கள், அன்று வருவதெல்லாம் மதிப்பெண்ணைப் பற்றிய மகிழ்ச்சியும் வருத்தமுமே. ஓர் அலகு முடிந்த அடுத்த நாளில், பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடங்களை ஒதுக்கினால் போதும்.

இவற்றையெல்லாம்விட முதன்மையானது, வந்ததைத் திரும்பச் சொல்வது. தாள்களைப் படித்த பிறகு வரும் பாடவேளையின் தொடக்கத்தில், "நீங்கள் இப்படி எழுதியிருக்கிறீர்கள், இதை நான் மாற்றப்போகிறேன், இதை மாற்ற இயலாது, காரணம் இது" என்று வகுப்பிடம் சொல்லிவிடுங்கள். முதல் முறை பாதிப் பேர் "நன்று" என்றுதான் எழுதுவார்கள். தாங்கள் எழுதிய ஒன்றால் வகுப்பில் ஒரு மாற்றம் நடந்தது என்று கண்ணால் பார்த்த பிறகு, இரண்டாம் முறை உண்மையை எழுதுவார்கள். திரும்பச் சொல்லும் எண்ணம் இல்லையென்றால் தாளே கொடுக்க வேண்டாம். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது, கேட்காமலே இருப்பதைவிடப் பிள்ளைகளின் நம்பிக்கையை அதிகம் கெடுக்கும்.

மறுமொழி: தருமபுரி தொடக்கப் பள்ளி ஆசிரியை

மலைக் கிராமப் பள்ளிகளில் பணியாற்றுவோருக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். எங்களைப் போன்ற பள்ளிகளில் ஒரு வகுப்பில் ஏழெட்டுக் குழந்தைகளே இருப்பார்கள். அங்கே பெயரில்லாத் தாள் என்பதற்குப் பொருளே இல்லை. மூன்றாம் வகுப்புக் குழந்தைக்குக் கருத்தை எழுதவும் வராது. நான் இரண்டு டப்பாக்களை வைத்து, ஒவ்வொரு குழந்தையிடமும் ஒரு புளியங்கொட்டையைக் கொடுத்து, "இன்று செய்த கழித்தல் கணக்கை வீட்டில் தம்பிக்குச் சொல்லித்தர முடியும் என்றால் இந்த டப்பாவில், இன்னொரு முறை நான் சொல்ல வேண்டும் என்றால் அந்த டப்பாவில்" என்று சொல்வேன். டப்பாக்கள் திரைக்குப் பின்னால் இருக்கும், ஒவ்வொருவராகப் போய்ப் போட்டுவிட்டு வருவார்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் "புரிந்தது" என்று சொல்லும் அதே வகுப்பில், இரண்டாவது டப்பாவில் கொட்டைகள் விழுவதைப் பார்க்கலாம். கடன் வாங்கிக் கழிப்பதை அடுத்த நாள் குச்சிக் கட்டுகளை வைத்து மீண்டும் நடத்துவதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய எனக்கு அவ்வளவே போதும்.

மறுமொழி: கிருஷ்ணகிரி கல்லூரி உதவிப் பேராசிரியர்

இங்கே நடக்கும் உரையாடல் மிகவும் பயனுள்ளது. கல்லூரிகளில் இத்தகைய கருத்துக்கேட்பு நீண்ட காலமாகவே நடைபெற்றுவருவதால், அதன் வலிமையையும் குறையையும் ஆராய்ந்தவர்கள் பலர். பள்ளி ஆசிரியர்களுக்கு அதில் பயன்படுவது எது என்று மட்டும் சொல்கிறேன்.

கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று வழங்கும் தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழு, அதாவது நாக், 2017ஆம் ஆண்டின் திருத்தப்பட்ட நடைமுறையில் மாணவர் மனநிறைவுக் கணக்கெடுப்பைச் சேர்த்தது. தேர்ந்தெடுத்துக் குறிக்க வேண்டிய 20 கேள்விகளும், எழுதிச் சொல்ல ஒரு கேள்வியும் அதில் உண்டு. பென்னாகரம் அம்மா குறிப்பிடும் மாதிரிப் படிவங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. அவை ஒரு நிறுவனத்தை மதிப்பிட உருவானவை. ஓர் ஆசிரியை அடுத்த திங்கட்கிழமை எதை மாற்ற வேண்டும் என்பதைச் சொல்வது அவற்றின் வேலையன்று.

மாணவர்கள் தரும் மதிப்பெண்ணை ஆசிரியரின் திறமைக்கு அளவுகோலாகக் கொள்வதில் பெரிய ஐயங்கள் எழுந்துள்ளன. கல்லூரி மாணவர்களின் மதிப்பீட்டுக்கும் அவர்கள் உண்மையில் கற்ற அளவுக்கும் சொல்லத்தக்க தொடர்பு இல்லை என்று, முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு முடிவு செய்தது. அமெரிக்காவில் ஓர் இணையவழிப் பாடத்தில் செய்யப்பட்டு 2015இல் வெளிவந்த சிறிய ஆய்வில், ஆசிரியர் ஆண் என்று நம்பிய மாணவர்கள், பெண் என்று நம்பியவர்களைவிட உயர்ந்த மதிப்பெண் கொடுத்தார்கள். நடத்தியவர்களோ இரு தரப்புக்கும் அதே இருவர்தாம். விடைத்தாளை விரைவாகத் திருத்தித் தருகிறாரா என்ற கேள்விக்குக்கூட, தாள்கள் ஒரே நேரத்தில் திருப்பித் தரப்பட்டிருந்தும், மதிப்பெண் வேறுபட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வு இன்னும் கருதத்தக்கது. தாங்களே கணக்குப் போட்டுப் பார்த்துக் கற்ற மாணவர்கள், விரிவுரையைக் கேட்டவர்களைவிடத் தேர்வில் கூடுதலாக எடுத்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே அவர்கள் எண்ணினார்கள். உழைத்துக் கற்பது தடுமாறுவது போலத் தோன்றும், சரளமான விரிவுரையோ எல்லாம் புரிந்துவிட்ட உணர்வைத் தரும். ஆகவே, "டீச்சரே எல்லாக் கணக்கையும் பலகையில் போட்டுவிட வேண்டும்" என்று உங்கள் மாணவர்கள் எழுதினால், அதை அப்படியே ஏற்றுவிடாதீர்கள். அவர்களையே போட வைப்பது ஏன் என்பதை வகுப்பில் விளக்கிச் சொல்லுங்கள்.

இதனால் மாணவர்களின் கருத்துக்கு மதிப்பில்லை என்று கொள்வது தவறு. 2009இல் தொடங்கி அமெரிக்கப் பள்ளிகளில் கேட்ஸ் அறக்கட்டளையின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வில், ஒரு வகுப்பின் மாணவர்கள் எழுதிய விடைகள், அதே ஆசிரியரிடம் படித்த மற்ற வகுப்புகளின் கற்றல் முன்னேற்றத்தோடு பொருந்தி வந்தன. அங்கே கேட்கப்பட்டவை ஆசிரியரின் குணநலன்களைப் பற்றியவை அல்ல. "இந்த வகுப்பில் நாங்கள் செய்யும் தவறுகளைத் திருத்திக்கொள்ளக் கற்கிறோம்", "எங்கள் வகுப்பில் நேரம் வீணாவதில்லை" என்பது போல, அன்றாடம் வகுப்பில் நடப்பதைப் பற்றிய வாக்கியங்கள் அவை. தேன்கனிக்கோட்டை ஆசிரியர் சொன்ன வழியும் இதுவே. நடந்ததைச் சொல்ல மாணவரைவிடத் தகுந்த சாட்சி வேறு யாருமில்லை. பாடத்திட்டம் சரியா, முறை சிறந்ததா என்று தீர்ப்பளிக்கும் வேலையை அவர்கள்மீது ஏற்றும்போதுதான் விடைகள் தடம் மாறுகின்றன.

ஸ்டீபன் புரூக்ஃபீல்ட் என்னும் கல்வியாளர் வகுத்த ஐந்து கேள்விகளைப் பலர் பின்பற்றுகிறார்கள். இந்த வாரம் வகுப்பில் எப்போது மிகவும் ஈடுபட்டிருந்தீர்கள், எப்போது மனம் விலகி இருந்தீர்கள், யார் செய்த எந்தச் செயல் உங்களுக்கு உதவியாக இருந்தது, எது குழப்பியது, எது வியப்பளித்தது என்பவை அவை. வார இறுதியில் பெயரின்றி எழுதி வாங்கி, அடுத்த வாரத் தொடக்கத்தில் வகுப்புக்கே அதன் சாரத்தைச் சொல்வார். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐந்தும் வேண்டியதில்லை, முதல் இரண்டும் நான்காவதும் போதும்.

கணித ஆசிரியைக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லைதான், இருந்தாலும் பலர் மறந்துவிடுவதால் எழுதுகிறேன். லிக்கர்ட் என்னும் உளவியலாளர் 1932இல் அறிமுகப்படுத்திய, 1 முதல் 5 வரை ஓர் எண்ணைக் குறிக்கும் ஐந்து படி அளவுகோலைப் பயன்படுத்தினால், சராசரியை மட்டும் கணக்கிட்டு நிறுத்திவிடாதீர்கள். 40 பேர் உள்ள வகுப்பில் எல்லோரும் 3 என்று குறித்தாலும் சராசரி 3 வரும், 20 பேர் 5 என்றும் 20 பேர் 1 என்றும் குறித்தாலும் சராசரி 3தான் வரும். முதலில் சொன்ன வகுப்பு ஒரே சீராகத் தடுமாறுகிறது. அடுத்துச் சொன்ன வகுப்பில் பாதிப் பேர் முற்றிலும் கைவிடப்பட்டிருக்கிறார்கள். எந்த எண்ணை எத்தனை பேர் குறித்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இறுதியாக, தாள்களைத் தனியாகப் படிக்க வேண்டாம். பருவத்தின் நடுவில் பெறும் கருத்துகளைப் பற்றி 1980இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, முடிவுகளைக் கையில் வாங்கிக்கொண்டவர்களைவிட, அவற்றை அனுபவம் மிக்க ஒருவருடன் உட்கார்ந்து பேசியவர்களே அதிகம் முன்னேறினார்கள் என்று காட்டுகிறது. கசப்பான ஒரு வரி நாள் முழுவதும் நம் மனத்தைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் நம்பிக்கையான ஒருவர் இருந்தால், "மீதி முப்பத்தைந்து தாள்களையும் பார்" என்று நமக்கு நினைவூட்டுவார்.

மறுமொழி: அரூர் தலைமையாசிரியர்

எல்லோரும் நல்லெண்ணத்தோடு எழுதுகிறீர்கள். நான் இரண்டு எச்சரிக்கைகளை மட்டும் முன்வைக்கிறேன்.

முதலாவது, இந்தத் தாள்கள் யாருக்கு உரியவை என்பது. ஓர் ஆசிரியர் தம் விருப்பத்தால் கேட்டு வாங்கிய கருத்துகளை, பதிவேடாக வைக்கச் சொல்லி, எண்ணிக்கையாக மாற்றி, இந்த ஆசிரியருக்கு இத்தனை, அந்த ஆசிரியருக்கு இத்தனை என்று ஒப்பிடத் தொடங்கினால், அடுத்த ஆண்டு எந்த ஆசிரியரும் உண்மையான கேள்வியைக் கேட்க மாட்டார். "நன்று" என்ற பதில் வரும்படியான கேள்விகளையே கேட்பார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆகவே என் போன்ற தலைமையாசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது: தாள்களைக் காட்டச் சொல்லாதீர்கள். "என்ன தெரிந்துகொண்டீர்கள், என்ன மாற்றினீர்கள், அதற்கு நான் என்ன செய்து தர வேண்டும்?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு ஆசிரியை வந்து, கடைசிப் பாடவேளையில் வெளியூர்ப் பிள்ளைகளின் கவனம் முழுவதும் பேருந்தின்மீது இருப்பதாகத் தாள்களில் தெரிகிறது என்று சொன்னால், கால அட்டவணையில் கணிதத்தை முற்பகலுக்கு மாற்றித் தருவது என் கையில் இருக்கிறது. அவர் கையில் இல்லை.

இரண்டாவது இன்னும் பெரியது. பெயரில்லாத் தாளில் பிள்ளைகள் பாடத்தை மட்டுமே எழுதுவார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். வீட்டில் திருமணப் பேச்சு நடப்பதையோ, யாரோ தவறாக நடந்துகொள்வதையோ ஒரு மாணவி அந்தத் தாளில் எழுதிவிடக்கூடும். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் குழந்தைத் திருமணம் இன்னும் ஒழியவில்லை என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அத்தகைய தாள் கைக்கு வந்தால், அதைப் பெயரில்லாத ஒன்றாகக் கருதி மடித்து வைத்துவிடக்கூடாது. பாலியல் குற்றத்தைப் பற்றிய செய்தியானால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது, அறிந்த எவருக்கும் கட்டாயக் கடமை. தெரிவிக்காமல் இருப்பது தண்டனைக்குரிய குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098, கல்வித் துறையின் உதவி எண் 14417 ஆகிய இரண்டையும் படிவத்தின் அடியில் அச்சிட்டுவிடுங்கள். "பாடத்தைப் பற்றி இங்கே எழுதுங்கள், வேறு துன்பம் இருந்தால் மாணவர் மனசு பெட்டியில் எழுதிப் போடுங்கள், அல்லது நீங்கள் நம்பும் ஆசிரியரிடம் நேரில் சொல்லுங்கள்" என்று படிவம் கொடுக்கும்போதே அறிவித்துவிடுவது நல்லது. பெயர் வெளிவராது என்று உறுதி கொடுக்கும்போதும், ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்றால் மட்டும் உரியவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். காப்பாற்ற முடியாத உறுதியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது.

மறுமொழி: பென்னாகரம் கணித ஆசிரியை

ஒவ்வொருவரும் இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதியதற்கு என் மனமார்ந்த நன்றி. தலைமையாசிரியர் ஐயா சொன்ன இரண்டாவது செய்தி என் எண்ணத்திலேயே இல்லாத ஒன்று. படிவத்தைத் தயாரிக்கும் முன்பே அதை அறிந்துகொண்டது நல்லதாயிற்று.

இவற்றையெல்லாம் வைத்து ஓர் அரைத்தாள் படிவம் எழுதியிருக்கிறேன். முக்கோணவியல் அலகுக்கானது. டிக் போட வேண்டிய கேள்விகள் மூன்று, ஒவ்வொன்றுக்கும் ஆம், சில நேரம், இல்லை என்னும் மூன்று விடைகள். "கணக்கைப் படித்தவுடன் எனக்குப் படம் வரைய வருகிறது" என்பது முதலாவது. "படம் வரைந்து கொடுத்துவிட்டால் மீதிக் கணக்கை என்னால் தனியாகச் செய்ய முடிகிறது" என்பது இரண்டாவது. "கரும்பலகையில் எழுதுவது தெளிவாகவும் எழுதி முடிக்கப் போதிய நேரம் தருவதாகவும் இருக்கிறது" என்பது மூன்றாவது. எழுதிச் சொல்ல ஒரே கேள்வி: "இந்த அலகில் எந்தக் கணக்கை நான் இன்னொரு முறை நடத்த வேண்டும், அதில் எந்த இடத்தில்?" தாளைக் கொடுத்து வாங்க எங்கள் தமிழாசிரியை ஒப்புக்கொண்டிருக்கிறார். பதில்களையும் அவருடனேயே உட்கார்ந்து படிக்கப்போகிறேன்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. பத்தாம் வகுப்பில் அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது இதைச் செய்தால் பிள்ளைகள் கலங்குவார்களா? மாற்றம் பயன் தந்ததா என்பதை நான் எப்படி அறிவது?

மறுமொழி: தேன்கனிக்கோட்டை அறிவியல் ஆசிரியர்

படிவம் நன்றாக இருக்கிறது அம்மா. முதல் இரண்டு கேள்விகளும் சேர்ந்து, சிக்கல் படத்தில் உள்ளதா கணக்கிடுவதில் உள்ளதா என்பதைப் பிரித்துக் காட்டிவிடும். மூன்றாவதை மட்டும் மாற்றுங்கள், ஏனென்றால் அதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. எழுத்துத் தெளிவாக இருந்து நேரம் போதாத மாணவன் எந்தக் கட்டத்தில் டிக் போடுவான்? அவன் "சில நேரம்" என்று போட்டால் உங்களுக்கு எதுவும் தெரியாது. "பலகையை அழிப்பதற்குள் என்னால் எழுதி முடிக்க முடிகிறது" என்று ஒன்றும், "பின் வரிசையிலிருந்தும் பலகையில் உள்ளது எனக்குத் தெரிகிறது" என்று ஒன்றுமாகப் பிரித்துவிடுங்கள். பின் வரிசைக்குத் தெரியவில்லை என்று பலர் குறித்தால், அதில் ஒரு பங்கு கண்ணாடி தேவைப்படும் பிள்ளைகளாகவும் இருக்கலாம். பள்ளிக்கு மருத்துவக் குழு வரும்போது அவர்களைக் காட்டலாம்.

பத்தாம் வகுப்புக்குத் தேர்வு வாரத்தில் வேண்டாம். அலகு முடிந்தவுடன், திருப்புதல் தொடங்கும் முன் செய்துவிட்டால், எதை மீண்டும் நடத்த வேண்டும் என்பதை அந்தத் தாள்களே உங்களுக்குச் சொல்லும். திருப்புதல் நேரமும் மிச்சமாகும். கலக்கம் வரும் என்று நான் எண்ணவில்லை. தேர்வுக்கு முன் தங்கள் தேவையைக் கேட்கிறார்கள் என்பது அந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தெம்பு தருவதையே கண்டிருக்கிறேன்.

மாற்றம் பயன் தந்ததா என்பதை அறிய, கேள்விகளின் சொற்களை மாற்றாமல் அப்படியே வைத்து, அடுத்து அளவியல் அலகு முடிந்ததும் இன்னொரு முறை கொடுங்கள். அளவியலிலும் வாழ்க்கைக் கணக்கைப் படித்துப் படம் வரைய வேண்டியிருப்பதால் முதல் கேள்வி அப்படியே பொருந்தும். இரண்டு முறையும் "இல்லை" என்று குறித்தவர்களின் எண்ணிக்கையை உங்கள் பாடக்குறிப்பேட்டின் அந்தந்த அலகில், நீங்கள் செய்த மாற்றத்துக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். "இல்லை" என்னும் டிக் குறைந்திருந்தும் விடைத்தாளில் படம் வரையும் திறன் கூடவில்லை என்றால், பிள்ளைகளுக்கு நம்பிக்கை வந்திருக்கிறது, திறன் இன்னும் வரவில்லை என்று பொருள். அப்போது பேராசிரியர் சொன்ன ஹார்வர்டு ஆய்வை நினைவில் கொண்டு, பலகையில் நீங்கள் வரைவதைக் குறைத்து, நோட்டில் அவர்கள் வரைவதைக் கூட்டிப் பாருங்கள். இரண்டாம் முறையின் முடிவுகளை இங்கே எழுதினால் எங்கள் பள்ளியிலும் அதே படிவத்தைப் பயன்படுத்திப் பார்க்கிறோம்.